பெயரைத் திருத்தும் வேலையை பங்ஷனிடம் கொடுக்காதீர்கள்

வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் படம் பார்ப்பார்கள், பாட்டுக் கேட்பார்கள். இரண்டாவது மாதம் ஏதாவது ஒரு பட்டியல் தயாரிக்கத் தொடங்குவார்கள். கடையின் வாடிக்கையாளர் பட்டியல், சீட்டு கட்டுபவர்கள் பட்டியல், தெரு நலச் சங்க உறுப்பினர் பட்டியல் என்று ஏதோ ஒன்று. அந்தப் பட்டியலில் கட்டாயம் இருப்பது பெயர். எக்ஸெல்லில் தொடங்கி, வரிகள் கூடக் கூட யாரோ ஒருவர் சொல்லி அக்சஸ் அல்லது லிப்ரே ஆபீஸ் பேஸ் பக்கம் வருவார்கள். அங்கே டேட்டாபேஸுடன் சேர்ந்தே வரும் பங்ஷன்களைப் பார்த்ததும் ஒரு உற்சாகம் பிறக்கும். அந்த உற்சாகத்தில் அவர்கள் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த பங்ஷன்களைத் தினமும் பயன்படுத்துங்கள். ஆனால் கேள்வி கேட்க மட்டும் பயன்படுத்துங்கள். மனிதர்களின் பெயரை மாற்றி எழுதும் வேலையை அவற்றிடம் கொடுக்காதீர்கள்.

பங்ஷன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். டேட்டாபேஸிடம் நாம் கேட்கும் கேள்விக்குப் பெயர் கொயரி. அந்தக் கொயரியில் பயன்படும் பங்ஷன்கள் இரண்டு வகை. ஒன்று, பல வரிகளைச் சேர்த்து ஒரே விடை தருவது. மொத்தம் எவ்வளவு என்று சொல்லும் சம், எத்தனை பேர் என்று சொல்லும் கவுன்ட் ஆகியவை இந்த வகை. இன்னொன்று, ஒவ்வொரு வரியிலும் ஒரு மதிப்பை வாங்கி, அதே வரிக்கு ஒரு மதிப்பைத் திருப்பித் தருவது. இதை ஸ்கேலார் பங்ஷன் என்பார்கள். ஆயிரம் வரி இருந்தால் ஆயிரம் விடை வரும். எத்தனை எழுத்து என்று சொல்லும் லென், இடப்பக்கத்திலிருந்து எழுத்துக்களை வெட்டித் தரும் லெப்ட், முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை நீக்கும் ட்ரிம், ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடும் ரீப்ளேஸ், எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கும் எல்கேஸ், எண்ணை முழுமையாக்கும் ரவுண்ட் ஆகியவை இதில் அடங்கும். அக்சஸில் இப்படி நூற்றுக்கு மேல் உண்டு. வீட்டு வேலைக்குப் பத்து தெரிந்தால் போதும்.

செலக்ட் கொயரியில் இந்த பங்ஷன்களை எழுதினால், திரையில் தெரியும் விடை மட்டும்தான் மாறும். டேபிளில் உள்ள பெயர் அப்படியே இருக்கும். கொயரியை மூடிவிட்டால் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். ஆனால் அப்டேட் கொயரியில் எழுதி ரன் பட்டனைக் கிளிக் செய்தால், டேபிளே மாறிவிடும். "இத்தனை வரிகளை மாற்றப் போகிறேன், சரியா?" என்று அக்சஸ் ஒரு முறை கேட்கும். சரி என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். வேர்டில் செய்வது போல அன்டூ செய்து திரும்ப முடியாது.

எங்கள் ஊர் விருத்தாசலம். பீங்கான் ஊர் என்று சொன்னால் பலருக்குத் தெரியும். பொம்மை, அகல் விளக்கு, கப், பியூஸ் கேரியர் என்று செய்யும் சிறு பட்டறைகள் இங்கே உண்டு. நான் சென்னையில் சாப்ட்வேர் வேலையில் இருந்தாலும், ஊருக்கு வந்தால் யாராவது ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்படி வந்த ஒரு பட்டறைக்காரர், தன்னிடம் வேலை பார்ப்பவர்கள், வேலை பார்த்துச் சென்றவர்கள் எல்லோரையும் அக்சஸில் வைத்திருந்தார். தட்டச்சு செய்தவர்கள் வேறு வேறு ஆட்கள். சில பெயர்கள் முழுவதும் பெரிய எழுத்தில், சில சிறிய எழுத்தில். இனிஷியல் சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்திருக்கும். உறவுக்காரப் பையன் ஒருவன் லீவில் வந்தபோது "நான் அழகாக்கித் தருகிறேன்" என்று இரண்டு அப்டேட் கொயரிகளை ஓட்டிவிட்டான்.

முதல் கொயரியில் அவன் பயன்படுத்தியது ஸ்டர்கான்வ் என்ற பங்ஷன். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கி, மற்றவற்றைச் சிறிதாக்கித் தரும். வெள்ளைக்காரர் பெயருக்கு அழகாக வரும். ஆனால் இந்த பங்ஷனுக்குச் சொல் என்பது வெற்றிடத்தில் தொடங்குவது. புள்ளியை அது கண்டுகொள்ளாது. எனவே ஆர்.கே.முருகன் என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடித்திருந்த பெயரில் ஆர் மட்டும் பெரிய எழுத்து, கே சிறிய எழுத்து, முருகனின் எம் எழுத்தும் சிறிய எழுத்து. இதே வேலைக்கு எக்ஸெல்லில் உள்ள புராப்பர் என்ற பங்ஷன், எழுத்து அல்லாத எதற்குப் பிறகும் பெரிய எழுத்தைப் போடும். அங்கே சரியாக வருவது இங்கே சரியாக வராது. இரண்டையும் விற்பது ஒரே மைக்ரோசாப்ட்தான்.

இது பார்வைக் கோளாறுதான், போகட்டும். இரண்டாவது கொயரிதான் வினை. ழகரத்தை ஆங்கிலத்தில் சிலர் இசட் எச் என்றும் சிலர் எல் என்றும் எழுதுகிறார்களே, எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று ரீப்ளேஸ் பங்ஷனைப் போட்டு, இசட் எச் வரும் இடமெல்லாம் எல் ஆக்கிவிட்டான். எங்கள் பக்கத்தில் ஏழுமலை என்ற பெயருக்குப் பஞ்சமே இல்லை. இசட் எச் போட்டு எழுதும் ஏழுமலைகளும் உண்டு, எல் போட்டு எழுதும் ஏழுமலைகளும் உண்டு. ஒரு நொடியில் எல்லோரும் ஒரே வகை ஏழுமலை ஆகிவிட்டார்கள்.

அந்தப் பட்டியலிலிருந்துதான் பி.எப். விவரங்களுக்குப் பெயர் எடுத்திருக்கிறார்கள். பி.எப். கணக்கில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொருந்தாவிட்டால் திருத்தம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்கப் போன ஒருவருக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்திருக்கிறது. "தம்பி, அந்த ஆள் நாப்பது வருஷமா ஒரே மாதிரி கையெழுத்துப் போடறாரு. மெஷின்ல ஏத்தினப்புறம்தான் அவரு பேரு மாறிப்போச்சு. நான் அவருக்கு என்னன்னு பதில் சொல்றது?" என்று பட்டறைக்காரர் கேட்டார். பழைய கூலி நோட்டு பத்திரமாக இருந்ததால் ஒவ்வொரு பெயராகப் பார்த்து மீட்டோம். நோட்டு இல்லாமலிருந்தால், எந்த எல் முதலிலிருந்தே எல், எந்த எல் இசட் எச் ஆக இருந்து மாறிய எல் என்று கண்டுபிடிக்க எந்த பங்ஷனாலும் முடியாது. ரீப்ளேஸ் ஒருவழிப் பாதை.

"அப்படியானால் ஒரே பெயரைப் பல விதமாக எழுதியிருக்கிறார்களே, தேடும்போது எப்படிப் பிடிப்பது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதே கேள்வி அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்பே வந்தது. ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-ல் இதற்கு ஒரு முறையைக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். அதுதான் சவுண்டெக்ஸ். பெயரின் எழுத்தை விட்டுவிட்டு ஓசையைப் பிடிக்கும் உத்தி. அங்கே 1930-களில் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டைகளில் ஆட்களைத் தேட இந்த முறையைத்தான் பயன்படுத்தினார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத முதியவர்கள் தங்கள் வயதை நிரூபிக்க வேண்டியிருந்த காலம் அது. இன்று எஸ்கியூஎல் சர்வர், மைஎஸ்கியூஎல் போன்றவற்றில் அது ஒரு ஸ்கேலார் பங்ஷனாக உட்கார்ந்திருக்கிறது. அக்சஸில் கிடையாது.

அது வேலை செய்யும் விதம் எளிது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். உயிரெழுத்துக்களையும் எச், டபிள்யூ, ஒய் ஆகியவற்றையும் தள்ளிவிடும். சி, ஜி, ஜே, கே, எஸ், இசட் ஆகியவற்றுக்கு 2, டி, டீ இரண்டுக்கும் 3, எல்லுக்கு 4, எம், என் இரண்டுக்கும் 5, ஆருக்கு 6 என்று எண் கொடுக்கும். ஒரே எண் அடுத்தடுத்து வந்தால் ஒன்றுதான். மொத்தம் ஓரெழுத்து, மூன்று எண்.

எங்கள் ஊர் பெயரையே இதில் போட்டுப் பார்ப்போம். விருத்தாசலம் என்று தமிழில் எழுதுவதில் யாருக்கும் குழப்பம் இல்லை. ஆங்கிலத்தில்தான் வம்பு. ரயில் நிலையத்தில் வி-க்குப் பிறகு ஆர், ஐ, இரண்டு டி, எச் என்று போகும். வேறு இடங்களில் வி, ஐ, ஆர், யூ, டி, எச் என்று வரும். ஒற்றை டி போடுபவர்கள் உண்டு. டி-க்குப் பதில் டீ போடுபவர்களும் உண்டு. இந்த நான்கையும் சவுண்டெக்ஸிடம் கொடுத்தால், நான்குக்கும் ஒரே விடை: வி-632. பிரமாதம் என்று கைதட்டத் தோன்றும். விருதுநகரைக் கொடுங்கள், வி-635 என்று சரியாகப் பிரித்துக் காட்டும்.

இப்போது விருத்தகிரி என்று ஒரு ஆள் பெயரைக் கொடுங்கள். எங்கள் ஊர் சிவன் கோயில் சுவாமி விருத்தகிரீஸ்வரர் என்பதால் இங்கே இந்தப் பெயர் சகஜம். எஸ்கியூஎல் சர்வர் தரும் விடை வி-632. ஊரும் ஆளும் ஒன்று என்கிறது! அசலம் என்றாலும் கிரி என்றாலும் மலைதான், எனவே பொருளில் தவறில்லை என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மைஎஸ்கியூஎல் மூன்று எண்ணோடு நிறுத்தாமல் நீளமாகத் தருவதால் அங்கே இரண்டும் பிரிந்துவிடும். ஒரே பெயருள்ள பங்ஷன் இரண்டு டேட்டாபேஸில் இரண்டு விதமாக விடை தரும் என்பதையும் இங்கே கவனித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இருக்கிறது. ராஜா, ராஜு, ரோஜா, ரேகா நால்வரும் ஆர்-200. நான்கு பேரும் ஒருவரே! மறுபக்கம், இசட் எச் ஏழுமலை இ-254, எல் ஏழுமலை இ-454. ஒருவரே இரண்டு பேர்! தனலட்சுமியை டி போட்டு எழுதினால் ஒரு குறியீடு, டீ போட்டு எழுதினால் வேறு குறியீடு. ஏனெனில் முதல் எழுத்தை சவுண்டெக்ஸ் தொடாது. ரஸ்ஸல் மேல் குற்றமில்லை. அவர் பார்த்த பெயர்களில் ழகரம் கிடையாது. த, ட வித்தியாசத்தை ஆங்கிலத்தில் எழுதும் தொல்லையும் அவருக்கு இல்லை.

தமிழக அரசு 2020 ஜூனில் ஆயிரத்துச் சொச்சம் ஊர்களின் ஆங்கில எழுத்துக்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது நினைவிருக்கலாம். அதில் கோயம்புத்தூருக்கு கே-யில் தொடங்கும் நீண்ட எழுத்துக்கூட்டு இருந்தது. பழைய ஆங்கிலப் பெயருக்கு சவுண்டெக்ஸ் சி-513. புதியதற்கு கே-513. மூன்று எண்ணும் ஒன்று, முதல் எழுத்து மட்டும் வேறு. அந்த ஆணை நிலைத்திருந்தால், ஊர்ப்பெயரில் தேடும் எத்தனை கொயரிகள் வெறுங்கையோடு திரும்பியிருக்கும் என்று அப்போது யோசித்துப் பார்த்தேன்.

அக்சஸ் வைத்திருப்பவர்களுக்கு சவுண்டெக்ஸ் இல்லையே என்ற கவலை வேண்டாம். நம் பெயர்களுக்கு ஏற்ற தேடு சொல்லை ரீப்ளேஸ் பங்ஷனை வைத்தே நீங்கள் உருவாக்கலாம். செலக்ட் கொயரியில் புதிதாக ஒரு காலம் சேர்த்து, அதில் பெயரை முதலில் எல்கேஸ் பங்ஷனுக்குள் போடுங்கள். அதை ஒரு ரீப்ளேஸுக்குள் போட்டு இசட் எச் இருந்தால் எல் ஆக்குங்கள். அதை இன்னொரு ரீப்ளேஸுக்குள் போட்டு டீ-யை டி ஆக்குங்கள். பிறகு எச், புள்ளி, வெற்றிடம், ஐந்து உயிரெழுத்துக்கள் ஒவ்வொன்றையும் நீக்க ஒவ்வொரு ரீப்ளேஸ். கடைசியாக இரண்டு டி சேர்ந்திருந்தால் ஒன்றாக்க ஒன்று. வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்கும். கம்ப்யூட்டர் உள்ளே இருந்து வெளியே வரும். வரிசை முக்கியம். எச் எழுத்தை முதலில் நீக்கிவிட்டால், இசட் எச் என்ற ஜோடியே இருக்காது, ழகரம் தப்பித்துவிடும்.

இப்படிச் செய்தால் எங்கள் ஊரின் நான்கு எழுத்துக்கூட்டுகளும் வி, ஆர், டி, சி, எல், எம் என்று ஒரே எலும்புக்கூடாக வந்து நிற்கும். விருத்தகிரி தனியாகப் போய்விடுவார். இரண்டு ஏழுமலையும் சேர்ந்துவிடுவார்கள், இரண்டு தனலட்சுமியும் சேர்ந்துவிடுவார்கள். ராஜாவும் ராஜுவும் இன்னும் ஒன்றாகத்தான் வருவார்கள். வரட்டும். தேடலில் நான்கு பேர் கூடுதலாக வந்தால், யார் வேண்டும் என்று உங்கள் கண் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். பெயர் அப்படியே இருக்கிறது; தேடு சொல் அதன் பக்கத்தில் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் அந்தக் காலத்தை மட்டும் அழித்துவிடலாம்.

இங்கே என்னுடன் வேலை பார்ப்பவர்கள் ஒரு ஆட்சேபம் சொல்வார்கள். தேடும் நிபந்தனைக்குள் பங்ஷன் எழுதினால் டேட்டாபேஸ் இண்டெக்ஸைப் பயன்படுத்தாது, ஒவ்வொரு வரியையும் படித்துக் கணக்குப் போடும், வேகம் குறையும் என்பார்கள். உண்மைதான். லட்சக்கணக்கான வரிகள் உள்ள வங்கிக்கு அது பெரிய விஷயம். உங்கள் சீட்டுப் பட்டியலில் இருப்பது ஐந்நூறு வரி. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

இதுவரை ஆங்கில எழுத்தில் உள்ள பெயர்களைப் பார்த்தோம். தமிழிலேயே பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு வேறு வகைச் சங்கடம் காத்திருக்கிறது.

விருத்தாசலம் என்பதில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புக் குழந்தை வி, ரு, த், தா, ச, ல, ம் என்று விரல் விட்டு ஏழு என்று சொல்லும். அக்சஸின் லென் பங்ஷனைக் கேளுங்கள், 12 என்று சொல்லும். யுனிகோட் முறையில் ஒவ்வொரு மெய்க்கும் ஒரு குறியீடு, அதன் மேல் வரும் கொம்புக்கும் காலுக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியீடு. லென் எண்ணுவது அந்தக் குறியீடுகளை. மைஎஸ்கியூஎல்லில் லெங்த் என்று கேட்டால் 36 என்று வரும். அது எண்ணுவது பைட்டுகளை. யுடிஎப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். அங்கே கேரக்டர் லெங்த் என்ற பங்ஷனைக் கேட்டால்தான் 12 வரும். ஏழு என்று இவற்றில் எதுவும் சொல்லாது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே குறியீடு தரும் டேஸ்-16 என்ற முறையையும், யுனிகோடோடு சேர்த்துத் தமிழக அரசு 2010-ல் அங்கீகரித்தது. அதில் எண்ணினால் ஏழு வரும். ஆனால் நம் வீட்டு சாப்ட்வேர்களில் அது பரவவில்லை. யுனிகோட்தான் நிலைத்தது.

எழுத்து எண்ணிக்கை தவறினால் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? இனிஷியலுக்கு வாருங்கள். தமிழில் பெயர் எழுதினால் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு ஆணை வெளியிட்டது. எனக்கு மிகவும் பிடித்த ஆணை. உடனே பட்டியல் வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? தந்தை பெயரின் முதல் எழுத்தை லெப்ட் பங்ஷன் போட்டு எடுப்பார்கள். தந்தை பெயர் அருணாசலம் என்றால் அ என்று வரும், பிழையில்லை. சின்னசாமி என்றால் சி வர வேண்டும். லெப்ட் தருவது ச. முருகன் என்றால் மு வர வேண்டும். வருவது ம. கொம்பையும் சுழியையும் வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிடும். சி. செல்வியும் ச. செல்வியும் ஒரே தெருவில் இருந்தால் யார் யார் என்று எப்படிச் சொல்வீர்கள்?

"அப்படியானால் இரண்டு குறியீடாக எடுத்துவிட்டால்?" கோவிந்தனுக்குக் கோ சரியாக வரும். ஆனால் கமலக்கண்ணனுக்குக் கம என்று வரும். அதோடு, ஓகார ஒலிக்கு யுனிகோடில் இரண்டு வழி உண்டு. ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பு தனியாக, கால் தனியாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. சில பிடிஎப் பைல்களிலிருந்து காப்பி செய்யும்போது இப்படிப் பிரிந்து வரும். அந்தக் கோவிந்தனில் முதல் இரண்டு குறியீட்டை வெட்டினால் கோ வராது, கே வரும்! எஸ்கியூலைட் போன்ற டேட்டாபேஸில் இந்த இரண்டு கோவிந்தனையும் சமமா என்று கேட்டால், இல்லை என்று சொல்லும்.

எங்கள் பக்கத்து ஊரான ஸ்ரீமுஷ்ணத்துக்கும் இதே கதை. ஸ்ரீ என்பதை ஸ-வில் தொடங்கி எழுதலாம். 2005-ல் யுனிகோடில் சேர்க்கப்பட்ட ஶ என்ற எழுத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரியும். ஊர் பெயரில் தேடினால் பாதிப் பேர் வருவார்கள், பாதிப் பேர் வர மாட்டார்கள். நீங்கள் மவுசை மாற்றிப் பார்ப்பீர்கள், கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவீர்கள், ஒன்றும் ஆகாது. இங்கே ரீப்ளேஸ் போட்டு ஒரு வடிவத்தை இன்னொன்றாக ஆக்கித் தேடலாம். அதுவும் தேடு சொல் இருக்கும் காலத்தில்தான்.

எனவே இனிஷியலுக்குத் தனியாக ஒரு காலம் வைத்து, உரியவரிடம் கேட்டு, கையால் அடியுங்கள். ஐந்நூறு பேருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வேலை மெனக்கெட்ட காரியம் என்று நினைக்காதீர்கள். அப்பா பெயர் இனிஷியல், அம்மா பெயரும் சேர்ந்த இனிஷியல், ஊர் பெயர் சேர்ந்த இனிஷியல் என்று நம்மிடம் எத்தனையோ வழக்கம். எந்த பங்ஷனாலும் அதை ஊகிக்க முடியாது.

பெயரையும் இனிஷியலையும் ஒட்டும்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது. அக்சஸில் கூட்டல் குறி போட்டு ஒட்டினால், ஒட்டும் துண்டுகளில் ஒன்று காலியாக இருந்தாலும் மொத்த விடையும் காலி. மைஎஸ்கியூஎல்லின் கான்கேட் பங்ஷனும் அப்படியே. இனிஷியல் கட்டம் நிரப்பாத பாட்டி ஒருவரின் பெயர், அச்செடுத்த பட்டியலில் வெறும் வெள்ளை வரியாக நிற்கும். பணம் கட்டியிருப்பார், வரி இருக்கும், பெயர் இருக்காது. அக்சஸில் கூட்டலுக்குப் பதில் அண்ட் குறியைப் போடுங்கள், பெயர் தப்பிக்கும். மைஎஸ்கியூஎல்லில் கான்கேட் டபிள்யூஎஸ் என்ற பங்ஷன் காலியானவற்றைத் தாண்டிப் போகும்.

வயது கணக்கிடும் டேட்டிப் பங்ஷனைப் பற்றியும் ஒரு வரி. அக்சஸிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் வருஷ வித்தியாசம் கேட்டால், அது முடிந்த வருஷங்களை எண்ணாது. எத்தனை ஜனவரி 1 கடந்தது என்றுதான் எண்ணும். 2005 டிசம்பர் 31-ல் பிறந்த குழந்தைக்கு மறுநாளே ஒரு வயது! அறுபது முடிந்தவர்கள் பட்டியல் எடுத்தால், டிசம்பரில் பிறந்தவர்கள் பதினொரு மாதம் முன்பே உள்ளே வந்துவிடுவார்கள். பிறந்த தேதி மட்டும் டேபிளில் இருக்கட்டும். வயதைக் கொயரியில் கணக்கிட்டு, பிறந்த நாள் இந்த வருஷம் வந்துவிட்டதா என்று ஐஐஎப் பங்ஷனால் பார்த்து, வராவிட்டால் ஒன்று கழியுங்கள். அக்சஸின் ரவுண்ட் பங்ஷனும் 2.5-ஐ 2 ஆக்கும், 3.5-ஐ 4 ஆக்கும். பில் போடுபவர்கள் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

டேட்டாவைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை ட்ரிம் போட்டு நீக்குவதில் எனக்கு மறுப்பில்லை. யாருடைய பெயரும் வெற்றிடத்தில் தொடங்குவதில்லை. தொலைபேசி எண்ணுக்கு இடையில் உள்ள கோட்டை எடுங்கள், பின்கோடைச் சீராக்குங்கள். பெயர் அந்த ஜாதி இல்லை. அது ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது உங்கள் பட்டியலின் ஆசை. அவரது சான்றிதழிலும் ரேஷன் கார்டிலும் உள்ளபடி இருக்க வேண்டும் என்பது அவருடைய தேவை. இரண்டும் மோதினால் நான் அவர் பக்கம்தான்.

அப்படியும் அப்டேட் கொயரி ஓட்டித்தான் தீர வேண்டும் என்றால், முதலில் அந்த பைலை மூடிவிட்டு, ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து, பெயரோடு அன்றைய தேதியையும் சேர்த்து வேறு போல்டரில் போடுங்கள். அடுத்து, அதே பங்ஷனை செலக்ட் கொயரியில் எழுதி, பழைய பெயரும் புதிய பெயரும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்படி வையுங்கள். இரண்டும் வேறாக இருக்கும் வரிகளை மட்டும் காட்டு என்று நிபந்தனை கொடுங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அக்சஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தைப் பார்க்காமல் ஒப்பிடும். எனவே ஸ்டர்கான்வ் செய்த மாற்றம் எதுவும் அந்தப் பட்டியலில் வராது. அதைப் பிடிக்க ஸ்டர்காம்ப் என்ற பங்ஷனில் கடைசி எண்ணாக 0 கொடுத்து ஒப்பிடுங்கள். விடை பூஜ்யம் இல்லாத வரிகள்தான் மாறப் போகின்றவை. அவற்றை அச்செடுத்து, ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு அந்தப் பெயர்களுக்கு உரியவர்களிடம் கொண்டு போய்க் காட்டுங்கள்.